அடித்தட்டியை அடியோடு மீட்பது எப்படி?

நூறு வயதுக் கனூ ஒன்று உங்கள் கைக்கு வந்துவிட்டது; வாழ்த்துகள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓல்டு டவுன் கம்பெனி கட்டியதோ, அதே மாநிலத்தில் வீசி என்ற ஊரில் பி. என். மோரிஸ் கட்டியதோ, ஏதோ ஒன்று. வெள்ளை சீடர் மரத்தில் வங்குகளை விலா எலும்பாக வளைத்து, அவற்றின்மேல் சிவப்பு சீடர் பலகையை மெல்லிசாக அடித்து, வெளியே கித்தானை இழுத்துக் கட்டி வர்ணம் பூசிய படகு. தாத்தாவின் கொட்டகையைக் காலி செய்யும் அவசரத்தில் யாரோ ஒரு பேரன் தள்ளிவிட்டான், நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். உள்ளே எட்டிப் பார்க்கிறீர்கள். அடியில் ஒரு மரத்தட்டி. அது நகராமல் பிடித்துவைக்கச் சின்னச் சின்னப் பித்தளைச் சாமான்கள். இரண்டைக் காணோம், ஒன்று வளைந்திருக்கிறது, மற்றவை கருத்துப் போயிருக்கின்றன.

இவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று மனம் துடிக்கிறது. துடிக்கட்டும். அந்தத் துடிப்பு ஆறிப்போவதற்குள், ஒரு வாரக் கடைசியிலேயே முழுச் சேதத்தையும் முடித்துவிடும் முறை இதோ. பாதி வேலையை நீங்கள் ஏற்கெனவே செய்திருப்பீர்கள். செய்தவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

கொஞ்சம் கோட்பாடு. அடித்தட்டி என்பது நீளவாக்கில் ஓடும் சில மெல்லிய ரீப்பர்கள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கக் குறுக்கே சில கட்டைகள், அவ்வளவே. படகின் அடியில் தேங்கும் தண்ணீர் மூட்டை முடிச்சில் ஏறாமலும், பூட்ஸ் கால் நேராக வங்கை மிதிக்காமலும் காப்பது அதன் வேலை. ஒட்டியதல்ல, வங்குகளின்மேல் சும்மா உட்கார்ந்திருப்பது. பிடிமானம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பலவற்றில் ஒற்றைத் திருகாணியில் சுழலும் பித்தளைக் கொண்டி இருக்கும். விரலால் திருப்பினால் தட்டி விடுபடும். வெளியே தூக்கி வைத்து, மணலைக் கழுவி, காயவிட்டுத் திரும்பப் போடலாம். அதாவது மொத்த ஏற்பாடும் கழற்றுவதற்காகச் செய்தது. இந்தக் கடைசி வாக்கியத்தை இப்போதே மறந்துவிடுங்கள். பின்னால் வரும் பாடங்களுக்கு இடைஞ்சல்.

1. உடனே கழற்றுங்கள்

நல்ல வெளிச்சம் வரட்டும், உதவிக்கு ஆள் வரட்டும் என்று காத்திருப்பது கோழைத்தனம். போட்டோ எடுக்காதீர்கள். தினமும் சாப்பாட்டுத் தட்டை மூன்று கோணத்தில் படமெடுக்கும் கைப்பேசி இன்று ஒரு நாள் பையிலேயே கிடக்கட்டும். எந்தக் கொண்டி எந்த வங்கில் இருந்தது, அது அணியத்திலிருந்து எத்தனையாவது வங்கு, தட்டியின் எந்த முனை முன்பக்கம் என்று நூலில் அட்டை கட்டிக் குறித்துவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தங்கள் ஞாபகத்தில் நம்பிக்கை இழந்தவர்கள். உங்களுக்கு எல்லாம் நினைவிருக்கும். கார் சாவி எங்கே என்பது வேறு விஷயம்.

தட்டி இரண்டு முனையிலும் குறுகும். கனூவும் இரண்டு முனையிலும் குறுகும். ஆகவே எப்படித் திருப்பிப் போட்டாலும் பொருந்தும் என்று தோன்றுகிறதல்லவா? நூறு வருஷம் ஒரே பக்கமாகக் கிடந்து அந்த வளைவுக்கே பழகிய மரம், பொருந்தாது. அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. திருகாணிக்குச் சின்ன ஸ்க்ரூ டிரைவர்

காடியைவிடச் சிறிய அலகாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அகப்படாவிட்டால் சமையலறைக் கத்தி. பித்தளை மென்மையான உலோகம், காடியிலோ பல கோட்டிங் வார்னிஷ் இறுகிக் கிடக்கிறது. பொறுமைசாலிகள் ஊசியால் அந்த வார்னிஷைச் சுரண்டி எடுப்பார்கள். சூடான சால்டரிங் அயர்ன் முனையைத் தலைமேல் சற்று வைத்து இளக்குவார்கள். காடியை நிறைக்கும் அலகை நுழைத்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பிவிட்டு, அப்புறம் கழற்றுவார்கள். ஒரு திருகாணிக்கே பத்து நிமிஷம்.

உங்கள் முறையில் பத்து வினாடி. அலகு வழுக்கும், காடி மழுங்கும், தலை முறியும், அலகு போன வேகத்தில் வங்கில் ஆழமாக ஒரு கோடு விழும். தண்டு மட்டும் மரத்துக்குள் நிற்கும். கட்டிங் பிளேயரை எடுத்துச் சுற்றிலும் உள்ள மரத்தைக் கொத்தி, தண்டு வெளியே தெரிந்ததும் பிடுங்குங்கள். வந்துவிட்டதா? கூடவே வந்த மரத்தைப் பெருக்கித் தள்ளுங்கள்.

3. நான்கு இருக்கிறதா? ஆறையும் மாற்றுங்கள்

கழற்றியதை எல்லாம் ஒரே டப்பாவில் போடுங்கள். தீர்ந்த பேட்டரியும் சைக்கிள் நட்டும் துருப்பிடித்த ஆணியும் கிடக்கிறதே, அந்த டப்பா. பிறகு எண்ணுங்கள். ஆறு கொண்டி இருக்க வேண்டிய இடத்தில் நான்கு தேறும்.

ஆளின் தரம் தெரிவது இந்த இடத்தில்தான். சாமானியர்கள் அந்த நான்கை வைத்துக்கொண்டு, ஒன்றை அச்சாகப் பார்த்துப் பித்தளைத் தகட்டில் இரண்டை அறுத்து, அரம் போட்டு, ஆறாக்கிவிடுவார்கள். அரை நாள் வேலை. புதிது இரண்டும் கொஞ்ச காலம் பளபளக்கும், அப்புறம் பழசோடு கலந்துவிடும். இதில் என்ன பெருமை? ஆறும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்க வேண்டாமா? ஆகவே இருக்கிற நான்கையும் தூக்கிப் போட்டுவிட்டு ஆறு புதிது வாங்குங்கள். இரண்டு இல்லாத குறையை நான்கைத் தொலைத்துத் தீர்ப்பதுதான் இந்தத் துறையின் பொன்விதி. பழைய வீடு, பழைய கார், பழைய கோயில் என்று எங்கே திருப்பணி நடந்தாலும் இதுதானே நடக்கிறது? கனூவுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

4. தடயத்தைத் தேயுங்கள்

இப்போது வங்குகளைப் பாருங்கள். தட்டி மறைத்திருந்த இடத்தில் மரம் ஒரு நிறம், வெயில் பட்ட இடத்தில் வேறு நிறம். குறுக்குக் கட்டையின் அகலம், கொண்டி சுழன்று சுழன்று போட்ட அரைவட்டக் கீறல், திருகாணி இருந்த சின்னத் துளை எல்லாம் வார்னிஷில் பதிந்திருக்கின்றன. தட்டியே தொலைந்துபோன படகில்கூட இந்தத் தடங்களை வைத்து, தட்டி எவ்வளவு நீளம், எத்தனை கட்டை, எங்கெங்கே பிடிமானம் என்று சொல்லிவிடலாம். பட்டறைக்காரர் உங்களுக்காக விட்டுப்போன வரைபடம். உங்களுக்கு எதற்கு வரைபடம்?

60ஆம் நம்பர் உப்புத்தாளைச் சாண்டர் மெஷினில் மாட்டுங்கள். வெறும் மரம் தெரியும்வரை ஓட்டுங்கள். வங்கின் கனம் சுமார் 8 மில்லிமீட்டர். எனவே அதை ஒரே நாளில் தேய்த்துத் தீர்த்துவிட முடியாது, பொறுமை வேண்டும். கூடுதல் பலன் ஒன்றும் உண்டு. பலகையையும் வங்கையும் பிணைப்பவை பித்தளைத் தட்டாணிகள். வெளியிலிருந்து அடிக்கும்போது உள்ளே இரும்புக் கட்டையைக் கொடுப்பார்கள். ஆணியின் முனை அதில் மோதி வளைந்து, திரும்ப வங்குக்குள்ளேயே புதையும். அந்த வளைவுதான் பிடிப்பு. நீங்கள் உள்பக்கம் தேய்க்கத் தேய்க்க அந்த முனைகள் முதலில் பொன்னாக மின்னும். பார்க்க அழகாக இருக்கும். இன்னும் தேயுங்கள். பிறகு மின்னாது.

கை வலித்தால் கார் கழுவும் பிரஷர் வாஷரை எடுத்து அடியுங்கள். சீடர் மென்மரம், தண்ணீர் இளசான நாரை அள்ளிக்கொண்டு போய் வைரமான நாரை மட்டும் நிறுத்திவைக்கும். வங்குக்கு ரோமம் முளைத்தாற்போல ஒரு தோற்றம் கிடைக்கும். பழைய வர்ணத்திலும் கித்தானில் அப்பிய பூச்சிலும் ஈயம் இருக்கக்கூடும் என்று தெரிந்தவர்கள் முகமூடி கேட்பார்கள். அப்படிக் கேட்பவர்களை உதவிக்குக் கூப்பிடாதீர்கள், வேலை நின்றுவிடும்.

5. வரிசை எண்ணைப் பார்க்காதீர்கள்

இதுதான் ரொம்ப முக்கியமான படி, எனவே சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

உங்களுடையது ஓல்டு டவுன் கனூ என்றால், இரு முனையிலும் உள்ளே இருக்கும் முனைக்கட்டையில் வரிசை எண் குத்தியிருக்கும். கூடவே படகின் நீளம் அடிக் கணக்கில், 16 என்றோ 17 என்றோ. அந்த எண்ணுக்கு உரிய கட்டுமான அட்டையைக் கம்பெனி பாதுகாத்து வைத்திருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள். அவற்றைக் கணினியில் ஏற்றியும் ஆயிற்று. 1979இல் தொடங்கிய உட்டன் கனூ ஹெரிட்டேஜ் அசோசியேஷனில் இதற்கென்றே சில உறுப்பினர்கள் காத்திருக்கிறார்கள். எண்ணைச் சொன்னால் அட்டையின் படத்தையே எடுத்து நீட்டுவார்கள். எந்த மாடல், எந்தத் தரம், விளிம்புக் கட்டை என்ன மரம், கித்தானுக்குப் பூச்சு போட்டது எந்தத் தேதி, என்ன வர்ணம், எந்த ஊருக்குப் போனது, அடித்தட்டி உண்டா இல்லையா என்பதுவரை அதில் இருக்கும்.

பார்த்தால் விபரீதம். உங்கள் படகு தட்டியே இல்லாமல் பிறந்தது, அதற்குப் பதிலாக வங்குகளுக்கு நடுவே அரை வங்குகள் வைத்துக் கட்டியது என்று அட்டை சொல்லக்கூடும். நீங்கள் உயிரைக் கொடுத்து மீட்டுக்கொண்டிருக்கும் தட்டி, யாரோ ஒருவர் பின்னாளில் வேலிக் கம்பை அறுத்துச் செய்தது என்று ஆகிவிடும். இந்த வயதில் அந்த அதிர்ச்சி தேவையா?

மோரிஸ் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அந்தப் பட்டறை 1919 டிசம்பரில் எரிந்துபோயிற்று, தேடிப்பார்க்க அட்டைகள் இல்லை. படகில் ஒரு சின்னப் பித்தளைத் தகட்டில் எண் மட்டும் இருக்கும். அதையும் பிடுங்கிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டால், அப்புறம் நீங்கள் சொல்வதுதான் சரித்திரம்.

சரித்திரம் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தக் கனூக்களில் ஒரு கூட்டம் மீன் பிடிக்கவும் போகவில்லை, மான் வேட்டைக்கும் போகவில்லை, காதலுக்குப் போயிற்று. பாஸ்டனை ஒட்டி ஓடும் சார்லஸ் ஆற்றின் கரையில், நியூட்டன் நகரின் ஆபர்ன்டேல் பகுதியில், 1897இல் நோரம்பெகா பார்க் என்று ஒரு பொழுதுபோக்கு மைதானம் திறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆறு தெரியாமல் கனூ மிதந்தது. பையன் பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போடுவான். பெண் அவனைப் பார்த்தபடி, படகின் அடியிலேயே கம்பளமும் மெத்தையும் போட்டுச் சாய்ந்திருப்பாள். கண்காணிக்கும் அத்தைக்கு அதில் இடமில்லை, அதுதான் வசதி. பார்க் அதிகாரிகள் சும்மா இருப்பார்களா? 1903இல் அந்த ஆற்றில் கனூவில் முத்தமிட்டதற்கு அபராதமே போட்டார்கள். அபராதத்துக்கே துணிந்தவர்களும் கீழே ஈரம் ஏறினால் எழுந்துகொள்வார்கள். அந்த ஈரத்தைத் தடுத்தது தட்டி. இப்போது நீங்கள் 60ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்தெடுத்த கறை எந்தச் சாயங்காலத்தைச் சேர்ந்தது என்றெல்லாம் கவலைப்படாதீர்கள். அடுத்த படி காத்திருக்கிறது.

6. பித்தளையை வெளுக்க வையுங்கள்

மூன்றாம் படியில் மனசு கேட்காமல் நான்கு கொண்டிகளையும் ஒளித்துவைத்தவர்கள் சிலர் இருப்பீர்கள். உங்களையும் கைவிட மாட்டேன்.

பித்தளையின் மேல் உள்ள கருமை உலோகத்தைத் தின்பதில்லை. சோப்புத் தண்ணீரும் பழந்துணியும் போதும், ஆசையிருந்தால் மேலே கொஞ்சம் மெழுகு. இப்படிச் சொல்பவர்களைப் புறக்கணியுங்கள். பஃபிங் சக்கரத்தில் கொண்டியைப் பிடியுங்கள். ஓரங்கள் மழுங்கும், அச்சில் அழுத்தியபோது விழுந்த கோடுகள் மறையும், கொண்டி கையிலிருந்து பறந்து சுவரில் அடிக்கும். தேடி எடுத்து மறுபக்கத்தையும் பிடியுங்கள்.

அதற்கும் மேலே போக விரும்புபவர்கள், வீரியமான அம்மோனியாவில் ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். இதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. தோட்டாவைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் மழை ஈரமும் சேர்ந்து, அழுத்தி இழுத்து உருவாக்கிய பித்தளையைப் பிளந்துவிட்டன. காரணம் 1921இல்தான் விளங்கியது. உங்கள் கொண்டியும் தகட்டை அச்சில் அழுத்திச் செய்ததுதான். மழைக்காலத்துக்கும் குதிரைக்கும் காத்திருக்க வேண்டாதபடி ஒரு பாட்டிலில் எல்லாம் கிடைக்கிறது, விஞ்ஞானம் அவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது.

7. கடைக்குப் போங்கள், காந்தம் வேண்டாம்

ஹார்டுவேர் கடையில் தங்க நிறத்தில் மின்னுவது எல்லாம் பித்தளை என்று எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகப் பிராணிகள் சட்டைப் பையில் சின்னக் காந்தம் கொண்டுபோவார்கள். பித்தளையில் அது ஒட்டாது, முலாம் பூசிய இரும்பில் ஒட்டும். அப்படிச் சோதித்தால் பாதிச் சரக்கைத் திரும்ப வைக்க நேரிடும், கடைக்காரர் மனம் புண்படும். முலாம் முதல் மழையிலேயே போகும், இரும்பு துருப்பிடிக்கும், சீடர் மரத்தின் சாறும் இரும்பும் சேர்ந்து ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் மை ஊற்றினாற்போல் கறுப்பு பரவும். பழமையான தோற்றம் வேண்டும் என்றுதானே கேட்டீர்கள்?

தலையில் கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூவாக வாங்குங்கள். பிலிப்ஸ் ஸ்க்ரூ எனப்படும் அது 1936 வாக்கில் கெடிலாக் கார்களில் ஏறி உலகத்துக்கு அறிமுகமானது. உங்கள் படகு 1915இல் கட்டியது. இருந்தால் என்ன, காலத்தை மீறி நிற்பதுதானே கலை. படகு கனடாவின் பீட்டர்பரோவில் கட்டியது என்றால் உங்களுக்கு இன்னொரு துருப்புச் சீட்டு உண்டு: ஒன்டாரியோக்காரர் ராபர்ட்சன் சதுரக் குழி ஸ்க்ரூவை 1908இலேயே கண்டுபிடித்துவிட்டார். சதுரக் குழி போட்டுவிட்டு, "இது கனடாவின் மரபு" என்று அடித்துச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் குழம்பி நிற்கும் நேரத்தில் அடுத்ததையும் முடுக்கிவிடலாம். நேர்க் காடி போட்ட பித்தளைத் திருகாணி இன்றும் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கேட்டு வாங்க வேண்டும், நாலு நாள் காத்திருக்க வேண்டும். நாலு நாளில் உங்கள் உற்சாகம் வற்றி, புத்தி வந்துவிட்டால்?

8. துளை போடுங்கள், தாராளமாக

வங்கு 8 மில்லிமீட்டர். அதன் அடியில் பலகை சுமார் 4. கூட்டினால் 12. அதற்கும் கீழே கித்தான், கித்தானுக்குக் கீழே ஏரி. இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் கால் அங்குலத்தைச் சற்றுத் தாண்டும் குட்டித் திருகாணியைத் தேடி அலைவார்கள். நீங்கள் முக்கால் அங்குலம் வாங்குங்கள், அதாவது 19 மில்லிமீட்டர். கொண்டியின் கனம் போக மிச்சம் ஐந்தாறு மில்லிமீட்டர் கித்தானைத் துளைத்து வெளியே எட்டிப் பார்க்கும். ஆறு கொண்டிக்கு ஆறு ஊற்றுக்கண். தட்டி எதற்கு என்று யாராவது கேட்டால் இனி தண்ணீரைக் காட்டி விளக்கலாம்.

பழைய துளையை மறுபடி பயன்படுத்தாதீர்கள். பிடிப்பு போன துளையில் சீடர் சிலாம்பு ஒன்றைப் பசை தொட்டுச் செருகி, முனையைச் சீவிவிட்டு, அதே இடத்தில் அதே திருகாணியைப் போட்டால் இன்னொரு தலைமுறைக்குத் தாங்கும். செலவு ஒன்றுமில்லை, வெளியே தெரியவும் தெரியாது. செய்ததாக யாரும் நம்பாத வேலையைச் செய்வானேன்? பழைய துளைக்குப் பக்கத்திலேயே, அரை விரல் தள்ளி, புதிதாகப் போடுங்கள். சரியில்லையென்றால் இன்னும் அரை விரல். வங்கின் குறுக்கே வரிசையாக நான்கு துளை விழுந்ததும், வங்கு எங்கே முறிய வேண்டும் என்று அதற்கே தெரிந்துவிடும்.

துளையிடும்போது டிரில் மெஷினை முழு வேகத்தில் வையுங்கள். முனையில் டேப் சுற்றி ஆழத்தை அளப்பது குழந்தைகளுக்கு.

9. தட்டியையும் புதிதாகச் செய்துவிடுங்கள்

பழைய ரீப்பரில் ஒன்று உடைந்திருக்கிறது. எனவே, மூன்றாம் படியின் பொன்விதிப்படி, அத்தனையும் வெளியே. வீட்டுத் தோட்டத்து மேடை போட்டபோது மிஞ்சிய பலகை இருக்கும், பூச்சி அரிக்காமல் பச்சை மருந்து ஏற்றியது. அதில் செய்யுங்கள். பழைய தட்டியை ஒரு கையால் தூக்கியிருப்பீர்கள், புதியதற்கு இரண்டு ஆள் வேண்டும். படகின் எடையே பெரியவர் ஒருவர் தோளில் தூக்கிக் காட்டுவழி நடக்கும் அளவுக்குத்தான் என்று வடிவமைத்தவர்கள் உங்களைக் கேட்டுவிட்டா செய்தார்கள்? ரீப்பர்களுக்கு நடுவே இடைவெளி விடாதீர்கள். இடைவெளி இருந்தால் தண்ணீர் வடியும், காற்று போகும், அடியில் என்ன நடக்கிறது என்று தெரியும்.

குறுக்குக் கட்டையின் அடிப்பக்கத்தை வங்கின் வளைவுக்கேற்பச் செதுக்கவும் வேண்டாம். நேர்க் கட்டையை வளைந்த வங்கின்மேல் வைத்து ஏறி மிதியுங்கள். இரண்டில் ஒன்று இணங்கி வரும். சத்தத்தை வைத்து எது என்று கண்டுகொள்ளலாம்.

ஜெர்ரி ஸ்டெல்மாக்கும் ராலின் தர்லோவும் சேர்ந்து மரமும் கித்தானுமான கனூக்களைப் பற்றி 1987இல் ஒரு பெரிய புத்தகம் போட்டிருக்கிறார்கள். கட்டுவது, பழுது பார்ப்பது, பராமரிப்பது எல்லாம் படம் வரைந்து விளக்கியது. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பசை காயும்வரை ரீப்பரின்மேல் பாரம் வைக்க அதன் கனம் மிகச் சரியாக இருக்கும்.

10. இனி யாரும் கழற்ற முடியாதபடி

கொண்டி சுழல்கிறதா? அது பலவீனம். திருகாணியை அதன் கழுத்து இறுகும்வரை முடுக்குங்கள். அதற்குமேல் ஒவ்வொரு வங்கிலும் தட்டி வழியாக ஒரு ஸ்க்ரூ. அதற்குமேல் எப்பாக்ஸி. கடைசியாக எல்லாவற்றையும் மூடிப் பாலியூரித்தேன் நான்கு கோட்டிங், கண்ணாடி போட்டாற்போல்.

இதன் பலன்கள் மூன்று. ஒன்று, மணல் உள்ளே போகும், வெளியே வராது; ஒவ்வொரு பயணத்திலும் உங்கள் எடைக்குக் கீழே வங்கை அரைத்துக்கொண்டிருக்கும். இரண்டு, ஈரம் தங்கும். மரம் அடியிலிருந்து மக்கத் தொடங்கும், மேலே கோட்டிங் மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கும். மூன்று, இந்தப் படகு பாறையில் இடித்தால் வங்கும் பலகையும் சேர்ந்து உள்வாங்கி நிமிரும்படி செய்தது. இப்போது தட்டி அதை நிமிர்ந்தே நிற்க வைத்திருக்கிறது. வளைய முடியாதது முறியும். எந்த வங்கு என்று எட்டாம் படியிலேயே முடிவாகிவிட்டது.

கித்தான் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதற்காகவே இருக்கிறது. அப்படி மாற்ற வருபவர் உடைந்த வங்கை எடுத்துப் புதிது வைக்கப் பார்ப்பார். எப்பாக்ஸியைக் கண்டதும் உட்கார்ந்துவிடுவார். நீங்கள் அப்போது பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை.

11. தண்ணீரில் விடுங்கள்

ஆழமில்லாத இடமாக.

12. விளம்பரம் கொடுங்கள்

இத்தனை உழைப்பைக் கொட்டகையில் பூட்டிவைப்பது நியாயமில்லை. விற்றுவிடுங்கள். "1910களின் கனூ, முழுக்க மீட்டெடுக்கப்பட்டது, அடித்தட்டியும் பித்தளைச் சாமான்களும் அசல்" என்று எழுதுங்கள். வருஷத்தைத் தோராயமாகச் சொல்லுங்கள், விலையை மட்டும் துல்லியமாக. படம் எடுக்கும்போது, முதல் படியில் பையில் வைத்த கைப்பேசியை இப்போது வெளியே எடுக்கலாம். தட்டியின்மேல் ஒரு கம்பளம், ஒரு மெத்தை, ஓரமாக ஒரு பழைய கிராமபோன். சாயங்கால வெயிலில் எடுங்கள், ஸ்க்ரூவின் கூட்டல் குறி தெரியாது.

பார்க்க வருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, பளபளப்பைத் தடவிப் பார்த்து, "என்ன ஒரு வேலைப்பாடு!" என்று பெருமூச்சு விட்டுப் பணத்தை எண்ணும். அவர்களிடம் அடுத்த வருஷம் என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லிக்கொடுங்கள், மேலே உள்ள வரிசையில். இன்னொரு வகை பேசவே பேசாது. நேராக முனைக்கு வந்து குனிந்து, டார்ச் அடித்து எண்ணைப் படித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுக்கும். அந்த நிமிஷத்தில், காபியில் சர்க்கரை போடலாமா என்று கேட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். பால் காய்ச்சுவதில் அவசரம் வேண்டாம்.